மூலை இல்லாம கட்டச் சொல்லுங்க தம்பி!

சென்னையில் இந்த ஸ்டேஷனுக்கு ரெண்டு பெயர். டிக்கெட்டிலும் போர்டிலும் 'சென்னை எழும்பூர்'. வாயில் 'எக்மோர்'. ஆட்டோக்காரரிடம் 'எழும்பூர் ரயில் நிலையம் போகணும்' என்று சுத்தத் தமிழில் கேட்டுப் பாருங்கள்... ஊருக்குப் புதுசு என்று முடிவு கட்டி, ஐம்பது ரூபாய் சேர்த்துச் சொல்வார்!

மதுரை, நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து மக்களுக்கு எக்மோர்தான் மெட்ராஸின் வாசல். பாண்டியன், பொதிகை, நெல்லை, முத்துநகர் என்று பெயரைச் சொன்னாலே வீட்டு ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் முதுகில் காலேஜ் பை, கையில் ஒரு வார அழுக்குத் துணி மூட்டை என ஹாஸ்டல் கூட்டம் அங்கே ஓடும். அதில் நானும் உண்டு.

ரயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டேஷனின் உள்பக்கம்? தரை, தூண், படிக்கட்டு, பெஞ்ச், தண்ணீர்க் குழாய்... இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? சிவில் மூணாவது வருஷம் படிக்கிறவன் பார்க்கலாம் என்று, ஒரு நோட்டும் அளக்கிற டேப்பும் எடுத்துக்கொண்டு ராத்திரி 8 மணிக்கு உள்ளே போனேன். காலை வரைக்கும் அங்கேயேதான். நான் டேப்பை நீட்டித் தூணை அளப்பதைப் பார்த்த ஆர்.பி.எஃப். காவலர் ஒருவர், "என்ன தம்பி... இடத்தை வாங்கப் போறியா?" என்று சிரித்தார்.

இந்த இடத்தை வாங்கின கதையே ஒரு கதைதான். நூறு வருஷத்துக்கு முன்பு இந்த நிலத்தில் ஒரு பகுதி, டாக்டர் பழனியாண்டி என்பவருக்குச் சொந்தம். வெளிநாடு போய் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர்களில் ஒருவர். சவுத் இண்டியன் ரயில்வே கம்பெனி இடம் கேட்டபோது அவர் உடனே தலையாட்டவில்லை. கடைசியில் ஒரு லட்ச ரூபாய்க்குக் கைமாறியது. கட்டட வேலை 1905-ல் ஆரம்பித்து, 1908 ஜூன் 11-ம் தேதி ஸ்டேஷன் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 17 லட்சம். வரைந்தவர் ஹென்றி இர்வின், மைசூர் அரண்மனையை வடிவமைத்த அதே ஆள். கட்டிய கான்ட்ராக்டர் பெங்களூருவைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. (வாசலில் இருக்கும் காந்தி - இர்வின் சாலைக்கும் இந்த இர்வினுக்கும் சம்பந்தம் கிடையாது. அது 1931-ல் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய் இர்வின். ஒரே தெருவில் ரெண்டு இர்வின்!)

உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் டிஸ்ப்ளே போர்டைத் தாண்டி மேலே பார்த்ததே இல்லை. வளைவுகள், தூண்கள், உயரமான கூரை. இது வெறும் அழகுக்காக இல்லை. ஏ.சி. இல்லாத காலத்தில் மெட்ராஸ் வெயிலைச் சமாளிக்கக் கட்டியது. சூடான காற்று மேலே போகும், மேலே வழி இருந்தால் வெளியேறும், கீழே ஆள் உயரத்தில் காற்று கொஞ்சம் ஆறியிருக்கும். முதல் வருஷ பிசிக்ஸ்தான். ஆனால் அதைச் செங்கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் காரை நேராகப் பிளாட்பாரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் இறங்கலாமாம். சினிமாவில் ஹீரோயின் அப்பா வருவாரே, அந்த மாதிரி!

சரி, இப்போது தலையைக் கீழே இறக்குவோம். எனக்கு மேட்டர் கிடைத்தது தரையில்தான்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பெரிய ஸ்டேஷனில் அதிகம் பயன்படுகிற ஃபர்னிச்சர் எது தெரியுமா? பெஞ்ச் இல்லை, தரை. ஒரு பெட்ஷீட்டை விரித்தால் அது வீடு. நடுவில் குழந்தை, தலைமாட்டில் பை, ஓரத்தில் செருப்பு, ஒரு டிபன் பாக்ஸில் புளியோதரை. நான் பார்த்த ஒரு குடும்பத்தில் பாட்டி, தூணில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். "பெஞ்சுல உட்கார்ந்தா கால் வீங்குதுப்பா. தரைதான் நல்லாருக்கு" என்றார். எந்த டிசைன் புத்தகத்திலும் இந்த வரி கிடையாது.

அதே எழும்பூரில் பூமிக்கு அடியில் 2018 மே மாதம் மெட்ரோ ஸ்டேஷன் திறந்தார்கள். கீழே போனால் ஏ.சி., கண்ணாடிக் கதவு, பளபள தரை. ஒரு வெற்றிலைக் கறை இல்லை, ஒருத்தரும் தரையில் படுத்திருக்கவில்லை. 'பாருங்க, அதே ஜனம்தான்! கீழே போனா ஒழுங்கா இருக்குது, மேலே வந்தா குப்பை போடுது' என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது அரைகுறை வாதமாகப் படுகிறது. மெட்ரோவில் நாம் காத்திருப்பது சில நிமிஷம். மேலே காத்திருப்பது மூணு, நாலு மணி நேரம். தென்காசிப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிற ஆள், லாட்ஜுக்குக் காசு கொடுக்க முடியாமல் மத்தியானமே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். அவர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், பல் தேய்க்க வேண்டும், போனுக்குச் சார்ஜ் போட வேண்டும். காத்திருக்கிற நேரம் மாறினால் கட்டடமே மாற வேண்டும் பாஸ்!

'ஏர்போர்ட் மாதிரி ஸ்டேஷன்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏர்போர்ட்டில் பெட்டியைக் கவுன்டரில் கொடுத்துவிட்டுக் கையை வீசி நடக்கலாம். இங்கே அரிசி மூட்டையும், தேங்காய்ச் சாக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின குக்கரும் கடைசி வரை நம் கையில்தான். அந்தச் சாக்கை எங்கே இறக்கி வைப்பது என்று யோசிக்காத டிசைன் எப்படி டிசைன் ஆகும்? சில இடங்களில் பெஞ்சுக்கு நடு நடுவே கைப்பிடி வைக்கிறார்கள். உட்காருவதற்கு வசதி என்பார்கள். யாரும் படுத்துவிடக் கூடாது என்பதுதான் நிஜக் காரணம். எனக்கு அந்தக் கைப்பிடியைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

நள்ளிரவு தாண்டியது. கூட்டம் குறைந்ததும்தான் ஸ்டேஷனின் இன்னொரு டீம் வேலையை ஆரம்பிக்கிறது. வாளி, மாப்பு, ரப்பர் வைப்பர். ஓட்டிக்கொண்டே போனால் தேய்த்துத் தண்ணீரை உறிஞ்சுகிற மிஷினும் உண்டு. டீக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். சிட்டியில் நாலு ஸ்டேஷன்களில் வேலை பார்த்தவர். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். 'எந்த ஸ்டேஷன்னு போடாதீங்க, என் பேரும் வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இன்ஜினீயரிங் படிக்கிறேன் என்றதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க கட்டும்போது மூலை இல்லாம கட்டச் சொல்லுங்க தம்பி!"

எனக்குப் புரியவில்லை. எழுந்து, ஒரு சுவரும் தரையும் சேருகிற இடத்தைக் காட்டினார். "பாருங்க, மிஷின் வட்டமா சுத்துது. மூலை சதுரமா இருக்குது. எப்படிப் போவும்? அங்க அழுக்கு தங்கிடும். நான் குனிஞ்சு பிரஷ் போட்டுத் தேய்க்கணும். ஒரு நாளைக்கு எத்தன மூலை? அழுக்கு இருக்கிற மூலையப் பார்த்தாதான் துப்புறவன் துப்புவான். சுத்தமா வெளிச்சமா இருந்தா அவனுக்கே கூச்சமா இருக்கும்."

மொத்த லெக்சரும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் தரையும் சுவரும் சேருகிற இடத்தை வளைத்துக் கட்டுவார்கள். கிருமி தங்காமல் துடைக்க வசதியாக. அதையே ஸ்டேஷனிலும் செய்யலாம். செலவு கொஞ்சம்தான் கூடும்.

அக்கா நிறுத்தவில்லை. "தண்ணி பிடிக்கக் குழாய் எங்க வைக்கிறாங்க? பிளாட்பாரத்துக்கு அந்தக் கோடில. ஒரு வாளித் தண்ணிக்கு நான் எவ்ளோ தூரம் நடக்கணும்? அப்புறம் 'அழுக்குத் தண்ணியிலயே தொடைக்கிறா'ன்னு சூப்பர்வைசர் திட்டுவாரு. மிஷின நிறுத்த இடம் கிடையாது, மாடிப்படிக்குக் கீழதான். சார்ஜ் போட பிளக் இருக்கிற இடத்துல எவனாச்சும் போனை சொருகிட்டுத் தூங்கிட்டு இருப்பான்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்: நூறு அடிக்கு ஒரு தண்ணீர்க் குழாய், அழுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி, மிஷினுக்கு ஒரு அறை, உடை மாற்ற ஒரு அறை. ஒரு ஸ்டேஷன் பிளானைப் பார்த்தால் வி.ஐ.பி. அறை எங்கே என்று கண்ணில் படும். துடைப்பம் வைக்கிற அறை எங்கே என்று தேடிப் பாருங்கள்.

தரை எப்படி இருக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெளிவான அபிப்பிராயம் இருக்கிறது. பாலிஷ் போட்ட கிரானைட் போட்டோவுக்கு நல்லா இருக்கும், மழைத் தண்ணி பட்டால் வழுக்கும். சொரசொரப்பான கல் வழுக்காது, ஆனால் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குமே?" என்றார். இருக்கிறது அக்கா! தீயில் காட்டியோ, தேய்த்தோ லேசான சொரசொரப்பு கொடுத்த கிரானைட். நடக்கிற வழிக்கு அது, சுவருக்குப் பளபளா. இதை எங்கள் மெட்டீரியல்ஸ் பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வியாகக் கேட்பார்கள்.

நல்ல மாற்றம் ஒன்றையும் அவரே சொன்னார். "முன்ன தண்டவாளத்தப் பார்க்க முடியாது தம்பி. சோறு இறங்காது." ரயில் கழிவறையிலிருந்து எல்லாம் நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலம். அதைக் கழுவியது மனிதர்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 1993-லும், இன்னும் கடுமையாக 2013-லும் வந்தது. ஆனால் நிலைமையை மாற்றியது பெட்டிகளில் பொருத்திய பயோ டாய்லெட். டி.ஆர்.டி.ஓ.வும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கியது. தொட்டிக்குள் பாக்டீரியா கழிவைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். 2020 வாக்கில் அகலப் பாதைப் பயணிகள் பெட்டிகள் அனைத்திலும் பொருத்தி முடித்தார்கள். ஸ்டேஷனின் நாற்றம் குறைந்ததற்குக் காரணம் ஸ்டேஷனில் போட்ட டைல்ஸ் இல்லை, ரயிலுக்கு அடியில் மாட்டிய ஒரு தொட்டி!

பராமரிப்பு என்றால் பளபளப்பு மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு லண்டன் கதை ஒன்று. கிங்ஸ் கிராஸ் பாதாள ரயில் நிலையம், 1987 நவம்பர் 18. அங்கே இருந்தது மர எஸ்கலேட்டர். யாரோ பற்றவைத்துவிட்டுப் போட்ட தீக்குச்சி, படிகளின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்தது. அடியில் பல வருஷமாக முழுசாகச் சுத்தம் செய்யப்படாத கிரீஸும், நூலும் தூசியும், டிக்கெட்டுத் துண்டுகளும். முதலில் சின்னத் தீ. கொஞ்ச நேரத்தில் சாய்வான படிக்கட்டுப் பள்ளம் வழியாக நெருப்பு மேலே பாய்ந்து டிக்கெட் ஹாலையே விழுங்கியது. 31 பேர் செத்துப்போனார்கள். பயணிகளின் கண்ணில் படாத ஓர் இடத்தைப் பெருக்காமல் விட்டதன் விலை அது. அதற்குப் பிறகுதான் அங்கே மர எஸ்கலேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கடைசி மர எஸ்கலேட்டர் நின்றது 2014-ல்.

அடுத்து படிக்கட்டு. ஒரு கணக்கு போடலாமா? 3 மீட்டர் அகலத்தில் ஒரு படிக்கட்டு. ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு சுமார் 50 பேர் நெரிசல் இல்லாமல் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ரயிலிலிருந்து 1,500 பேர் இறங்கினால், எல்லோரும் வெளியேற 10 நிமிஷம். அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தர்கூட ஏறி வராமல் இருந்தால்! பக்கத்துப் பிளாட்பாரத்தில் இன்னொரு ரயில் வந்தால்? மேலேயிருந்து 'வண்டி கிளம்புதுடா' என்று நாலு பேர் ஓடி வந்தால்?

இந்தத் துறையில் ஜான் ஃப்ரூயின் என்பவர் 1971-ல் எழுதிய புத்தகம்தான் இன்றைக்கும் அடிப்படை. ஒரு சதுர மீட்டரில் 7 பேர் நெருங்கிவிட்டால், கூட்டம் மனிதர்களாக நடப்பதை விட்டுவிட்டுத் தண்ணீர் மாதிரி அலையடிக்க ஆரம்பிக்கும் என்பார் அவர். யாரும் யாரையும் தள்ள வேண்டியதே இல்லை. மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில் 2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் ஒரு குறுகலான நடைபாலத்தின் படிக்கட்டில் சேர்ந்தார்கள். 23 உயிர்கள். புது டெல்லி ஸ்டேஷனில் 2025 பிப்ரவரி 15 ராத்திரி, கும்பமேளாக் கூட்டத்தில் 18 பேர். பிரயாக்ராஜ் என்று ஒரே மாதிரிப் பெயர் கொண்ட ரயில்களைப் பற்றிய அறிவிப்பில் வந்த குழப்பமும் ஒரு காரணம் என்றது காவல் துறை. ஸ்பீக்கரில் வருகிற ஒரு வார்த்தையும் படிக்கட்டு மாதிரி உயிரைக் காக்கும், அல்லது எடுக்கும்.

ஸ்பீக்கர் என்றதும் சென்ட்ரல் ஞாபகம் வருகிறது. 2023 பிப்ரவரி கடைசியில் சென்ட்ரலை 'அமைதி நிலையம்' ஆக்கிப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு கிடையாது. பெரிய பெரிய டிஸ்ப்ளே போர்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஏர்போர்ட் மாதிரி! ஆனால் போர்டைப் படிக்கத் தெரியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள்? எதிர்ப்பு வந்தது, மார்ச் மாதமே அறிவிப்புக் குரல் திரும்ப வந்துவிட்டது.

பார்வையில்லாத நண்பர் ஒருவர் ஆர்ட்ஸ் காலேஜில் படிக்கிறார். அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "உங்களுக்கு அந்த 'பயணிகள் கவனத்திற்கு' தொல்லை. எனக்கு அது சுவர் மச்சி. சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு வெச்சுதான் நான் எங்க நிக்கிறேன்னே தெரியும். தூண் பக்கத்துல போனா என் குச்சிச் சத்தம் மாறும். டீக்கடை வாசனை வந்தா மாடிப்படி கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம். திடீர்னு டீக்கடையை மாத்திட்டாங்கன்னா நான் தொலைஞ்சேன்!"

பிளாட்பாரத்தில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். அது டிசைன் இல்லை, எழுத்து! நீளக் கோடு என்றால் 'நட', புள்ளி என்றால் 'நில், கவனம்'. ஜப்பானில் செய்யிச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகாயாமா நகரத்துத் தெருவில் முதன்முதலில் பதித்தது. இன்று உலகமே பின்பற்றுகிறது. நம் ஊரிலும் பதிக்கிறார்கள். பதித்தவர்களுக்கு அது எழுத்து என்று தெரிந்ததா என்பதுதான் சந்தேகம். நான் போன ஒரு ஸ்டேஷனில் (பெயர் வேண்டாமே!) அந்த மஞ்சள் கோடு ஜம்மென்று நேராகப் போய் ஒரு பிஸ்கட் கடையின் ஷட்டரில் முட்டி நின்றது. நண்பரிடம் சொன்னேன். "பசிச்சா சாப்பிட்டுப் போகட்டும்னு நினைச்சிருப்பாங்க" என்றார்.

எழும்பூருக்கே வருவோம். 2022 மே 26-ம் தேதி தமிழ்நாட்டில் ஐந்து ஸ்டேஷன்களைப் புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். எழும்பூர், மதுரை, காட்பாடி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. எழும்பூருக்கு மட்டும் 734.91 கோடி ரூபாய்த் திட்டம். 1908-ன் 17 லட்சம் ஞாபகம் இருக்கிறதா? பழைய கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதுக் கட்டடங்கள். உள்ளே வருகிறவர்களுக்கும் வெளியே போகிறவர்களுக்கும் தனித்தனி வழி. தண்டவாளத்துக்கு மேலே பெரிய கூடம். என் படிக்கட்டுக் கணக்குக்கு அதுதான் சரியான விடை. வேலை நடப்பதற்காக 2025-ல் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியபோது புலம்பாத ஆளில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஸ்டேஷனுக்குள்ளேயே புது ஸ்டேஷன் கட்டுவது, ஓடுகிற பைக்குக்குப் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி. இதற்காக ரயில்வேயைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் மேலே கட்டுகிற அந்தக் கூடத்தில் பாட்டி கால் நீட்ட ஒரு தூண் இருக்குமா? தேங்காய்ச் சாக்கை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் காத்திருக்கிறவரை, 'டிக்கெட் டைம் இன்னும் ஆகலை' என்று வெளியே அனுப்பாமல் இருப்பார்களா? அக்காவுக்கு நூறு அடியில் குழாய் வருமா? இதைக் கேட்கிற நேரம் திறப்பு விழாவுக்கு அப்புறம் இல்லை. சுவர் எழும்பும்போதே கேட்டால்தான் குழாயைப் பதிக்க முடியும்.

விடியற்காலை. தெற்கேயிருந்து வருகிற ரயில்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய ஆரம்பித்தன. தூக்கக் கலக்கத்தில் மக்கள் இறங்க, ராத்திரி முழுக்கத் துடைத்த தரையில் செருப்புத் தடம், டீ கப், முறுக்குப் பாக்கெட். அக்காவின் ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தால் மிஷினை ஓட்டிப் பார்க்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "ஆனா மூலைய நீங்க கையாலதான் தேய்க்கணும்" என்பது கண்டிஷன்.